பெண்ணியவாதி என்ற பெயரை மறுக்கும் பெண்கள்: அறியாமையா, நன்றிகேடா?

மார்ச் 9, காலை. ஒரு வாசகரின் கேள்வி

"ஓட்டுரிமை, சொத்துரிமை, கல்வி, வேலை, மகப்பேற்று விடுப்பு என எல்லாவற்றையும் பெண்ணிய இயக்கம் போராடி வாங்கிக் கொடுத்தது. அத்தனையையும் அனுபவித்துக்கொண்டே 'நான் பெண்ணியவாதி இல்லை' என்று சொல்லும் பெண்களை அறியாதவர்கள் என்பதா, நன்றி மறந்தவர்கள் என்பதா? மூன்றாவதாக ஒரு காரணம் உண்டென்றால் யாராவது சொல்லுங்கள்."

மார்ச் 9, இரவு

மூன்றாவது காரணம் உண்டு. நான்காவதும் ஐந்தாவதும் கூட உண்டு. அவற்றுள் சில ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஆகவே "ஏன் மறுக்கிறார்கள்" என்று எல்லாரையும் சேர்த்துக் கேட்டால் உருப்படியான விடை கிடைக்காது. மறுக்கும் பெண் எதை மறுக்கிறாள் என்று கேட்க வேண்டும். கோரிக்கைகளையா, இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களையா, அந்தப் பெயரை ஏற்றதும் தன்மேல் விழப்போகும் பார்வையையா?

நன்றி என்ற வாதத்தை இப்போதே தள்ளி வைத்துவிடுகிறேன். எட்டு மணி நேர வேலை நாளைத் தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்றன. மாலையில் நேரத்துக்கு வீடு திரும்பும் ஒவ்வொருவரும் தம்மைத் தொழிற்சங்கவாதி என்று அறிவித்துக்கொள்ள வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. பெற்றுத் தந்தவர்களின் பெயரை ஏற்றால்தான் அனுபவிக்கலாம் என்றால் அதற்குச் சலுகை என்று பெயர், உரிமை என்று பெயரில்லை. பெண்களிடம் மட்டும் இந்தக் கணக்கைக் கேட்பது எனக்கு உறுத்துகிறது.

மார்ச் 10, மாலை

"தன்மேல் விழும் பார்வை" என்று நேற்று எழுதியதை விளக்கச் சொல்கிறார்கள்.

ஒரு தொழிற்சங்கக் கிளையின் மாதக் கூட்டங்களில் நெடுங்காலம் நடவடிக்கைக் குறிப்பு எழுதியவள் நான். நீண்ட மேசை, அதைச் சுற்றிப் பெரும்பாலும் ஆண்கள், கதவோரம் நாலைந்து பெண்கள். ஒருமுறை இரவுப்பணி அட்டவணை பற்றிய பேச்சு வந்தது. அட்டவணையை முந்தைய நாள் மாலையில்தான் பலகையில் ஒட்டுவார்கள் என்பதால், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் படும் பாடு சொல்லி மாளாது. அப்படிப்பட்ட ஒரு சக ஊழியர் எழுந்தார். செயலாளர் தம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "நான் ஒண்ணும் பெண்ணியம் பேச வரல, ஆனா" என்று அவர் தொடங்கியதும் செயலாளரின் கை நின்றது. பின்னால் சாய்ந்திருந்த ஒருவர் சிரித்தபடி "நீ சொல்லும்மா" என்றார்.

அவர் கேட்டவை மூன்று. அட்டவணையை ஒரு வாரம் முன்னதாக ஒட்ட வேண்டும். இரவுப்பணியில் ஒரு பெண்ணைத் தனியாகப் போடக்கூடாது. மகப்பேற்று விடுப்பு முடிந்து திரும்புகிறவருக்குச் சில மாதங்களாவது இரவுப்பணி தரக்கூடாது. எந்தப் பெண்ணிய அமைப்பின் துண்டறிக்கையிலும் அப்படியே அச்சிடத் தக்க கோரிக்கைகள். முதலிரண்டும் அன்றே தீர்மானமாயின.

அந்த முன்னுரையை நான் சுங்கம் என்றே புரிந்துகொள்கிறேன். அதைக் கட்டிய பிறகுதான் அவருடைய கோரிக்கை மேசைக்கு வந்து சேர்ந்தது. கட்டாமல் பேசியிருந்தால் விவாதம் அட்டவணையைப் பற்றி நடந்திருக்காது, அவரைப் பற்றி நடந்திருக்கும்: வீட்டில் சண்டையா, யார் தூண்டிவிட்டார்கள், நேற்று வந்தவளுக்கு இத்தனை வாயா. அவர் அறியாதவர் அல்லர். அந்த அறையை எங்கள் எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர் அவர்தான்.

குறிப்பேட்டில் கோரிக்கைகளை எழுதினேன், முன்னுரையை எழுதவில்லை. நடவடிக்கைக் குறிப்பில் முன்னுரைகளை எழுதும் வழக்கம் இல்லை. இன்று எழுத நேர்ந்தால் அந்த வாக்கியத்தையும் சேர்த்தே எழுதுவேன் என்று தோன்றுகிறது, ஏனெனில் தீர்மானம் எந்த விலையில் நிறைவேறியது என்பது அதில்தான் இருக்கிறது.

மார்ச் 11

"உலகில் பெரும்பாலான பெண்கள் பெண்ணியவாதிகள் இல்லை என்று கருத்துக்கணிப்புகள் சொல்கின்றன" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கருத்துக்கணிப்பு என்ன சொல்கிறது என்பது கேள்வியை எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் ஃபாசெட் சொசைட்டி என்ற பெண்ணுரிமை அமைப்பு 2016-இல் வெளியிட்ட கணிப்பில், ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து 7 விழுக்காட்டினர்தான் தம்மைப் பெண்ணியவாதி என்றார்கள். ஆனால் மூன்றில் இரண்டு பங்கினர் பாலினச் சமத்துவத்தை ஆதரித்தார்கள். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2020-இல் "பெண்ணியவாதி என்ற சொல் உங்களுக்கு எவ்வளவு பொருந்தும்" என்று படிநிலை வைத்துக் கேட்டபோது, பெண்களில் 61 விழுக்காட்டினர் பொருந்தும் என்றார்கள். அந்த 61-க்குள்ளேயே "மிக நன்றாகப் பொருந்தும்" என்றவர்கள் 19 விழுக்காடு. "ஓரளவு பொருந்தும்" என்றவர்கள் 42.

இரண்டும் வெவ்வேறு நாடுகள், வெவ்வேறு ஆண்டுகள் என்பதால் எண்களை நேருக்கு நேர் நிறுத்த முடியாது. ஆனாலும் அந்த "ஓரளவு" என்ற கட்டத்தை என்னால் கடந்து போக முடியவில்லை. பொருந்தும் என்ற பெண்களில் பெரும்பாலோர் நிற்கும் இடம் அதுதான். ஆம், இல்லை என்ற இரண்டே கட்டங்களை நீட்டினால் இவர்களில் ஒரு பகுதியினர் "இல்லை" பக்கம் போய் விழுவார்கள்; உடனே நாம் அவர்களுடைய நன்றிகேட்டைப் பற்றி விவாத இழை தொடங்குவோம்.

மார்ச் 11, பின்னிரவு

மார்க்கச்சையைக் கொளுத்திய கூட்டத்தோடு எந்தப் பெண் சேர விரும்புவாள் என்று கேட்டவருக்கு: அப்படி எதையும் யாரும் கொளுத்தவில்லை. 1968 செப்டம்பர் 7 அன்று அட்லாண்டிக் சிட்டியில் அமெரிக்க அழகிப் போட்டி நடந்த அரங்குக்கு வெளியே பெண்கள் ஒரு குப்பைத் தொட்டியை வைத்து, மார்க்கச்சை, குதிகால் செருப்பு, ஒட்டு இமை, மகளிர் இதழ்கள் முதலியவற்றை அதில் போட்டார்கள். தொட்டிக்குத் தீ வைக்கவில்லை. வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர்கள் தம் இராணுவப் பதிவு அட்டைகளைக் கொளுத்தியதோடு இதை ஒப்பிட்டு ஒரு நாளிதழ் எழுதப்போக, எரியாத தீ அரை நூற்றாண்டுக்கும் மேலாக எரிந்துகொண்டிருக்கிறது.

மார்ச் 13

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். மறுப்பு என்றாலே அச்சம் என்ற தோற்றம் அதில் வந்துவிடுகிறது. அச்சத்துக்குத் துளியும் இடமில்லாத ஒரு மறுப்பைச் சொல்கிறேன்.

ஒரு வாசிப்பு வட்டத்தில் சில காலம் உறுப்பினராக இருந்தேன். உறுப்பினர்களின் வீடுகளில் மாறி மாறிக் கூடுவோம். ஒரு மாலை, வீட்டு வேலையின் ஊதியமின்மை பற்றி மிகச் சிறப்பான விவாதம் நடந்தது. உண்மையிலேயே சிறப்பான விவாதம், நானும் பேசினேன். அந்த வீட்டில் வேலை செய்யும் அம்மா சமையலறை வாசலில், ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி நின்றார். வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு, "நீங்களும் வந்து உட்காருங்கக்கா, உங்களப் பத்தித்தான் பேசுறோம்" என்றார். அதற்கு அந்த அம்மா, "நீங்க பேசி முடிச்சு எந்திரிச்சாத்தாம்மா நான் இத ஒதுக்கிவச்சிட்டு வீட்டுக்குப் போவ முடியும்" என்றார். குரலில் கோபம் இல்லை. நேரம் ஆகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவரிடம் போய்ப் பெண்ணியவாதியா என்று கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. "இல்லை" என்று சொன்னால் அதை அறியாமை என்று எழுதி வைக்கும் உரிமை அந்த மாலை அங்கே உட்கார்ந்திருந்த எவருக்கும் இல்லை.

வரலாற்றிலும் இதே காட்சி இருக்கிறது. 1913 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் பெண் வாக்குரிமைக்காக மாபெரும் ஊர்வலம் நடந்தது. தென் மாநில வெள்ளைப் பெண்கள் மனம் கோணுவார்கள் என்பதற்காக, கறுப்பினப் பெண்கள் ஊர்வலத்தின் கடைசியில் வர வேண்டும் என்று சொல்லப்பட்டது. கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் அதற்கு இணங்கவில்லை. வழியில் கூட்டத்துக்குள் புகுந்து தம் இல்லினாய் மாநிலப் பெண்களோடு சேர்ந்து நடந்தார். "நம் எல்லாருக்குமான இயக்கம்" என்று அழைத்துவிட்டுக் கடைசி வரிசையைக் காட்டினால், அழைப்பில் இருந்த "நம்" யாரைக் குறித்தது என்று அழைக்கப்பட்டவளுக்குப் புரியாமல் போகுமா? அந்த வரிசையின் நினைவு எளிதில் ஆறவில்லை. 1983-இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் கறுப்பினப் பெண்களின் அனுபவத்திலிருந்து "வுமனிஸ்ட்" என்ற தனிப் பெயரை வரையறுத்து முன்வைத்தார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1977-இல் அறிக்கை வெளியிட்ட காம்பஹீ ரிவர் கலெக்டிவ் குழுவினர் அதே காயங்களை அறிந்த கறுப்பினப் பெண்கள். அவர்கள் பெண்ணியம் என்ற பெயரைக் கைவிடவில்லை. "கறுப்பினப் பெண்ணியவாதிகள்" என்று தம்மை அழைத்துக்கொண்டு, அந்தப் பெயருக்குள் தமக்குரிய இடத்தை வாதிட்டுப் பெற்றார்கள். ஒரே அவமதிப்பிலிருந்து ஒருத்தி வேறு பெயர் தேடிப் போகிறாள், இன்னொருத்தி அதே பெயரைப் பற்றிக்கொண்டு சண்டை போடுகிறாள். இருவரில் யார் சரி என்று தீர்ப்பெழுத எனக்கு விருப்பமில்லை.

மார்ச் 14

இடதுசாரி நண்பர் ஒருவர், "கறுப்பினப் பெண்களைச் சொன்னீர்கள், தொழிலாளர் இயக்கப் பெண்களை விட்டுவிட்டீர்களே" என்கிறார். விடவில்லை, வந்துகொண்டிருந்தேன்.

இந்த வாரம் உலகமே வாழ்த்துச் சொல்லிக்கொண்ட மகளிர் நாளுக்கான முன்மொழிவு 1910-இல் கோபன்ஹேகனில் நடந்த சோஷலிசப் பெண்கள் மாநாட்டில் வந்தது. முன்மொழிந்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மன் சோஷலிசத் தலைவர் கிளாரா ஜெட்கின். வசதி படைத்த பெண்களின் உரிமை இயக்கத்தோடு தொழிலாளர் பெண்கள் கலந்துவிடக் கூடாது என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்டவரும் அவரே. ஆலை முதலாளியின் மனைவிக்கும் அதே ஆலையில் நூற்கும் பெண்ணுக்கும் பொதுவான நலன் எவ்வளவு தூரம் செல்லும் என்பது அவருடைய கேள்வி. ஆக, இன்று பெண்ணியத்தின் திருநாளாகக் கொண்டாடப்படும் நாளைக் கேட்டுப் பெற்றவரே அன்றைய பெண்ணியத்திலிருந்து தம்மைப் பிரித்துக் காட்டியவர். நன்றி மறந்தவர் பட்டியலில் இவரை எங்கே வைப்பது?

பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த பொவ்வாரின் கதை இதைவிடச் சுவையானது. பெண்ணின் நிலை பற்றி இருபதாம் நூற்றாண்டில் மிக அதிகமாகப் பேசப்பட்ட நூலை 1949-இல் எழுதியவர், அப்போது தம்மைப் பெண்ணியவாதி என்று கருதவில்லை. சோஷலிசம் வந்தால் பெண்களின் சிக்கல் தானாகத் தீரும் என்பது அவருடைய அன்றைய நம்பிக்கை. 1972-இல் ஜெர்மன் பெண்ணியப் பத்திரிகையாளர் ஆலிஸ் ஷ்வார்ட்சருக்கு அளித்த நேர்காணலில்தான், இப்போது நான் பெண்ணியவாதி என்று வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு, பிரான்சில் கருக்கலைப்பு குற்றமாக இருந்த காலத்தில், தாம் கருக்கலைப்பு செய்துகொண்டதாக அறிவித்த 343 பெண்களின் அறிக்கையில் அவரும் கையெழுத்திட்டிருந்தார். இடையில் இருபது ஆண்டுகளுக்கும் மேல். வர்க்கப் போராட்டம் பெண்களின் வேலையையும் சேர்த்து முடித்துவிடும் என்று காத்திருந்து பார்த்த பிறகு வந்த மாற்றம் அது.

இடதுசாரி நண்பருக்கு இந்தப் பத்தியின் முற்பாதி மட்டும் பிடிக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

மார்ச் 15

இந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நடிகை, விளையாட்டு வீராங்கனை, பெண் விஞ்ஞானி, பெண் அமைச்சர் என எவர் பேட்டி கொடுத்தாலும் இறுதியில் "நீங்கள் பெண்ணியவாதியா" என்ற கேள்வி வந்து நிற்கிறது. ஆம் என்றால் ஒரு தலைப்பு, இல்லை என்றால் அதைவிடப் பெரிய தலைப்பு. ஆண்களிடம் இதைக் கேட்பது அரிது. கேட்டாலும் சிரித்துக்கொண்டே "என் அம்மாவை நான் மிகவும் மதிக்கிறேன்" என்று சொல்லித் தப்பிவிடுகிறார்கள். அம்மாவை மதிப்பதை ஒரு கொள்கையாக ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மை பேட்டி எடுப்பவர்களுக்கு இருக்கிறது.

2017-இல் பெர்லினில் ஒரு மேடையில் ஜெர்மனியின் அன்றைய சான்சலர் (அரசுத் தலைவர்) ஆங்கெலா மெர்கெலிடமும் இதைக் கேட்டார்கள். அவர் தயங்கினார். கடுமையாகப் போராடிய ஆலிஸ் ஷ்வார்ட்சர் போன்றவர்கள் இருக்க, தாம் வந்து அந்தப் பெருமையைச் சூடிக்கொள்ள விரும்பவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். (நேற்றைய குறிப்பில் பொவ்வாரை நேர்கண்ட அதே ஷ்வார்ட்சர்தான்.) 2021-இல், பதவியிலிருந்து விலகும் காலத்தில், ஆம், நான் பெண்ணியவாதி என்றார். அரசியல் கணக்கு என்று நீங்கள் சொல்லலாம், அதுவும் இருந்திருக்கும். ஆனால் 2017-இல் அவர் சொன்ன காரணத்தை மெர்கெல் அல்லாத பெண்களிடமும் கேட்டிருக்கிறேன். "அந்தப் பேருக்கு நான் என்னங்க செஞ்சிருக்கேன்?" என்கிறார்கள். பெயரை இழிவாக எண்ணி விலகுபவர்களோடு, அதை உயர்வாக எண்ணி விலகும் இவர்களையும் ஒரே கணக்கில் எழுதுகிறோம்.

மார்ச் 18

"எல்லா மறுப்புக்கும் நியாயம் கற்பிக்கிறீர்கள், உண்மையிலேயே எதிர்க்கும் பெண்கள் இல்லையா?" இருக்கிறார்கள். அவர்களை ஏமாற்றப்பட்டவர்கள் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் மிகப் பெரிய அவமரியாதை.

பிரிட்டனில் 1908-இல் பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை கூடாது என்று பெண்களே ஒரு தேசிய அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் முன்னணியில் இருந்த மேரி வார்ட் புகழ்பெற்ற நாவலாசிரியர். ஆக்ஸ்போர்டில் பெண்களுக்கான சாமர்வில் கல்லூரி தோன்ற உழைத்தவர். பெண்கள் உள்ளாட்சிப் பணிகளில் பங்கேற்பதை அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஆதரித்தார்கள். கல்வி, ஏழைகள் நலம், சுகாதாரம் பெண்களுக்குரியவை; போரும் பேரரசும் அவர்களுக்குரியவை அல்ல என்பது அவர்கள் வகுத்த கோடு. எனக்கு அந்தக் கோடு அபத்தமாகத் தெரிகிறது. ஆனால் அதை வகுத்தவர் படிப்பறிவில்லாதவரோ யாருடைய கைப்பாவையோ அல்லர்.

அமெரிக்காவின் ஃபிலிஸ் ஷ்லாஃப்லி இன்னும் சிக்கலானவர். ஆண், பெண் சம உரிமையை அரசியலமைப்பில் சேர்க்கும் சம உரிமைத் திருத்தம் 1972-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் நிறைவேறி மாநிலங்களின் ஒப்புதலுக்குப் போனது. 38 மாநிலங்கள் தேவை. 35 மாநிலங்கள் ஒப்புக்கொண்ட நிலையில் நின்றுபோனது. 1979 வரை இருந்த கெடுவை 1982 வரை நீட்டியும் பயனில்லை. அதை நிறுத்தியதில் ஷ்லாஃப்லி திரட்டிய இல்லத்தரசிகளின் பங்கு பெரியது. இல்லத்தரசியே பெண்ணின் உயர்ந்த நிலை என்று ஊர் ஊராகப் பேசியவர், நூல்கள் எழுதி, தேர்தலில் போட்டியிட்டு, அந்தப் போராட்டத்தின் நடுவே சட்டப் பட்டமும் பெற்றார். இந்த முரணைச் சுட்டிச் சிரிப்பது எளிது, நானும் சிரித்திருக்கிறேன்.

ஆனால் அவருக்குப் பின்னால் திரண்ட பெண்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அதே காலத்தில்தான் குற்றம் சுமத்தத் தேவையற்ற மணவிலக்கு அங்கே மாநிலம் மாநிலமாகப் பரவிக்கொண்டிருந்தது. கலிபோர்னியாவில் அது 1970 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. இருபது ஆண்டுகள் சம்பளமில்லாமல் குடும்பம் நடத்திய ஒரு பெண்ணின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். தனக்கென வருமானம் இல்லை, வேலை அனுபவம் இல்லை, கணவனின் பராமரிப்புக் கடமை ஒன்றுதான் கையிருப்பு. அந்த நேரத்தில் சிலர் வந்து, இனி ஆணும் பெண்ணும் சமம், யாரையும் யாரும் பராமரிக்கத் தேவையில்லாத காலம் வருகிறது என்றால், அவளுக்கு அது விடுதலையாகக் கேட்குமா? திருத்தம் அந்தக் கடமையை ஒழித்துவிடும் என்று ஷ்லாஃப்லி சொன்னது மிகைப்படுத்தல் என்பது என் முடிவு. ஆனாலும் அவர் அந்த அச்சத்தைக் கற்பனை செய்யவில்லை, கண்டுபிடித்துப் பயன்படுத்தினார். பெண்ணிய இயக்கம் அந்தப் பெண்களிடம் அவர்களுடைய கணக்கில் பேசியிருக்க வேண்டும். வீட்டு வேலைக்குப் பண மதிப்பு, மணவிலக்கில் சொத்துப் பங்கு, முதுமைக்கால ஓய்வூதியம் ஆகியவற்றைப் பற்றிப் பேசிய பெண்ணியவாதிகள் அன்றும் இருந்தார்கள். அந்தக் குரல் அந்த வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

மார்ச் 19

இளம் வாசகி ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். சுங்கம் கட்டுகிறோம் என்றும், காயப்பட்டோம் என்றும், பயந்தோம் என்றும் எங்களுக்காக நீங்களே காரணம் சொல்கிறீர்கள். எனக்கு எந்த "-வாதி"யும் பிடிக்காது, அவ்வளவுதான், என்கிறார்.

ஏற்கிறேன். என் சுங்க விளக்கம் "இல்லை, ஆனால்" என்று சொல்பவர்களுக்குப் பொருந்தும். "இல்லை" என்று முற்றுப்புள்ளி வைப்பவர்களுக்குப் பொருந்தாது. இவருடைய நிலைக்கு மதிப்புமிக்க முன்னோடி ஒருவரும் இருக்கிறார். இந்தியாவில் 1970-களின் இறுதியில் பெண்களுக்கான "மானுஷி" இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரான மது கிஷ்வர், தாம் ஏன் தம்மைப் பெண்ணியவாதி என்று அழைத்துக்கொள்வதில்லை என்று 1990-இல் ஒரு கட்டுரையே எழுதினார். மேற்கத்தியச் சூழலில் உருவான ஒரு கொள்கையின் பெயரையும் அதன் உட்சண்டைகளையும் அப்படியே எடுத்து இன்னொரு சமூகத்துக்கு மாட்டுவதை அவர் ஏற்கவில்லை. அவருடைய பிற்கால அரசியல் நிலைப்பாடுகளோடு எனக்குக் கடும் வேறுபாடு உண்டு. அதற்காக அந்தக் கட்டுரையின் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. பத்தாண்டுக்கும் மேலாகப் பெண்கள் இதழ் நடத்திய ஒருவரைப் பார்த்து, உனக்கு விவரம் தெரியாது என்று சொல்ல எவரால் முடியும்?

வாசகிக்கு ஒரே ஒரு மறுமொழி. எந்தப் பெயரையும் ஏற்காமல் இருப்பது உங்கள் உரிமை. ஆனால் உங்கள் பெயரற்ற நிலையை நடுநிலை என்று பிறர் எடுத்துக்கொண்டு, பெயர் ஏற்ற இன்னொரு பெண்ணை அடிக்க அதை ஆயுதமாக்குவார்கள். "பார், இந்தப் பெண் எவ்வளவு பக்குவமாக இருக்கிறாள்" என்பார்கள். அப்போது நீங்கள் வாய் திறக்கிறீர்களா என்பதை மட்டும் கவனியுங்கள்.

மார்ச் 22

மத நம்பிக்கையுள்ள பெண்களைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. தம் மறைநூலை ஆண்களின் விளக்கத்திலிருந்து மீட்டு வாசிக்கும் பெண் அறிஞர்கள் பல மதங்களில் இருக்கிறார்கள். இஸ்லாமிய அறிஞர் ஆமினா வதூத் 2005-இல் நியூயார்க்கில் ஆணும் பெண்ணும் கலந்த வெள்ளிக்கிழமைத் தொழுகையை முன்னின்று நடத்தியவர். அவரே பெண்ணியவாதி என்ற பெயரை நேரடியாக ஏற்க நெடுங்காலம் தயங்கினார். இத்தகையவர்களுக்கு இரண்டு பக்கமும் இடி. மதத்துக்குள் இருப்பவர்கள், இது வெளியிலிருந்து வந்த சரக்கு என்கிறார்கள். வெளியில் இருப்பவர்கள், மதத்தை விட்டால்தான் நீ பெண்ணியவாதி என்கிறார்கள். இரு தரப்பும் அடியோடு முரண்பட்டாலும், இந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயர் ஆகாது என்பதில் மட்டும் ஒற்றுமையாக இருப்பது வேடிக்கை.

மார்ச் 23

"இவ்வளவு எழுதினீர்களே, நீங்கள் பெண்ணியவாதியா இல்லையா?"

ஏளனமாகக் கேட்பவரிடம் ஆம் என்கிறேன். தேர்வு வைப்பது போலக் கேட்பவரிடம் இல்லை என்கிறேன். இது கொள்கையில் உறுதியில்லாமை என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

மார்ச் 27

முதல் கேள்வியைக் கேட்டவர் மீண்டும் வந்து, "பெயர் இல்லாமல் இயக்கம் எப்படி நடக்கும்? ஒவ்வொருத்தியும் தனித்தனிக் காரணம் சொல்லிக்கொண்டு நின்றால் யாரைத் திரட்டுவது?" என்று கேட்கிறார். இந்த இழையில் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் தொல்லை தந்தது இதுதான். அவர் பக்கம் வலு இருக்கிறது. ஒரு பெயரின் கீழ் நின்றதால்தான் முந்தைய தலைமுறை செய்ததை அடுத்த தலைமுறையால் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. எல்லாரும் "நான் அப்படியெல்லாம் இல்லை, ஆனால்" என்றே பேசிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு கோரிக்கையும் புதிதாகப் பிறந்ததைப் போலவும் ஒவ்வொரு பெண்ணும் தனியாளாகப் புலம்புவதைப் போலவும் ஆகிவிடும்.

எங்கள் கிளையில் பெண்களுக்கென ஒரு பிரிவு தொடங்கியபோது இதே சண்டை நடந்தது. இளையவர்கள் "பெண்ணிய வட்டம்" என்று பெயர் வைக்க விரும்பினார்கள். இரவுப்பணிப் பெண்கள், அந்தப் பெயர் இருந்தால் கையெழுத்துப் போட வீட்டில் விடமாட்டார்கள் என்றார்கள். நான் இரண்டாம் தரப்புக்கு வாக்களித்தேன். "மகளிர் பணிநலக் குழு" என்ற சப்பையான பெயர் வென்றது. உறுப்பினர்கள் பெருகினார்கள், விடுப்பு முடிந்து திரும்புகிறவர்களுக்கான மூன்றாவது கோரிக்கையும் அந்தக் குழு வந்த பிறகுதான் நிறைவேறியது. அதே வேளையில், மிகத் துடிப்பான இருவர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி போகும்போது, "நாங்க கட்டுற விலைய நீங்க கணக்குலயே எடுத்துக்கலக்கா" என்றாள். அது உண்மை. அடங்கிய பெயரை வைத்தால் அதற்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார்.

பெயர் மாற்றத் தீர்மானம் ஒன்று அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு வருகிறது. கொண்டுவருபவர்கள் இளைய உறுப்பினர்கள். இரவுப்பணிப் பெண்கள் இன்னும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள் என்பதால் நான் எதிர்த்தே வாக்களிப்பேன். இளையவர்கள் வென்றால் புதிய பெயரில் சந்தாவைக் கட்டிவிட்டு, கூட்டக் குறிப்பு எழுத ஆள் வேண்டுமா என்று கேட்பேன்.